கப்பில் இருந்த பச்சை பிரஷ்

அந்த வீட்டில் எந்தப் பிரஷ்ஷும் குப்பைக்குப் போனதில்லை, பதவிதான் இறங்கும். பல்லிலிருந்து சீப்புக்கு, சீப்பிலிருந்து அடுப்புக்கு, கடைசியில் வாஷ்பேசின் ஓட்டைக்கு.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் அம்மாவுக்கு வாயெல்லாம் புண். அவளைக் கவனிக்க வீட்டோடு வந்து தங்கிய நர்ஸக்காதான் அந்த வழக்கத்தில் கை வைத்தாள்.

"புண்ணு ஆறிடுச்சுல்ல பாப்பா, அம்மாவோட பழைய பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுடு. கிருமி அதுலயே குடித்தனம் நடத்தும். அம்மா உடம்புல இப்போ எதிர்த்து நிக்கத் தெம்பு இல்ல."

தானே வாங்கிவந்த புதுப் பிரஷ்ஷைச் சின்னவள் கையில் கொடுத்தாள். பழையதும் பச்சை, புதியதும் பச்சை.

சின்னவளுக்குப் பதினைந்து வயது. தூக்கிப் போட மனசு வரவில்லை. பழையதால் வாஷ்பேசினைத் தேய்த்தாள். நடுவில் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் அதை அலசிக் கப்பில் செருகிவிட்டு ஓடினாள். புதியது அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது; அம்மா பழையதாலேயே பல் தேய்த்தாள்.

"மாத்திட்டியா?" என்று நர்ஸக்கா கேட்டபோது, "ஓ, அப்பவே" என்றாள். நர்ஸக்கா எட்டிப் பார்த்தாள். கப்பில் பச்சை நின்றது. நம்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் அம்மாவுக்கு மறுபடி வாய்ப்புண், காய்ச்சல், ஆஸ்பத்திரி. எங்கிருந்தோ கிருமி தொற்றியிருக்கிறது என்றார் டாக்டர். அப்பாவுக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது.

"கையக் கழுவாம தொட்டிருக்க. உன்ன நம்பி வீட்டுக்குள்ள விட்டேன் பாரு, என்னச் சொல்லணும்!"

"சார், சோப்பு போட்டுப் போட்டு என் கை வெந்து கெடக்கு, பாருங்க."

விரித்த கைகளை அப்பா பார்க்கவில்லை. நர்ஸக்கா பையைக் கட்டினாள். அவள் பிரஷ் அந்தப் பையிலேயேதான் இருந்தது. இவர்கள் கப்பில் அவள் ஒரு நாளும் வைத்ததில்லை. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்.

அன்று ராத்திரி அப்பா படுக்கப்போகுமுன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் கதவோரம் நின்றாள்.

"அப்பா... அது நர்ஸக்கா இல்லப்பா. நான்தான்."

விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர் துப்பினார். வாயைக் கொப்பளித்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. அனுப்பினது அனுப்பினதுதான். நான் போய் அவ கால்லயா விழ முடியும்?"

விளக்கை அணைத்துவிட்டுப் போனார். அடி விழுந்திருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள் நர்ஸக்காவே போன் செய்தாள்.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

"காய்ச்சல் இறங்கிடுச்சுக்கா."

"அப்பாடா. வீட்டுக்கு வந்ததும் புதுசா ஒரு பிரஷ் வாங்கிடு, என்ன?"

எதிரே உட்கார்ந்திருந்த அப்பா தலை நிமிர்ந்து முறைத்தார். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க வேணாம்க்கா. நீங்க குடுத்ததே இருக்கு. இன்னும் அட்டை பிரிக்கல."

"அப்போ அன்னிக்குக் கப்புல நின்னது..." என்று ஆரம்பித்த நர்ஸக்கா அதை முடிக்கவில்லை.

"சரி பாப்பா," என்றாள். "கைய மட்டும் நல்லாக் கழுவிட்டு அம்மாவத் தொடு."