ஏழாம் நம்பர் கும்பிடு

ஷர்மினி லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, அடிமூடியின் பதினோரு ஸ்க்ரூக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் அவற்றைக் காந்தத் தட்டில் வைத்தாள். காளியப்பன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருப்பவரைப் போல, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்கூடாயில் அவளுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் யூனிவர்சிட்டி மாணவர்கள். ஐம்பத்து மூன்று வயதில் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். லேப்டாப்பின் முதுகில் சிவப்பாக ஒளிரும் டிராகன். டிராகனின் நெற்றியில் சந்தனப் பொட்டு. வாங்கி வந்த அன்று அவர் மனைவி புஷ்பவள்ளி வைத்தது. ஷர்மினி அதைப் பார்த்துவிட்டு, பொட்டு அழியாமல் கீழே ஒரு துணியை விரித்துத்தான் கவிழ்த்திருந்தாள்.

"என்ன கேம் அங்கிள் ஆடுறீங்க?"

"கிரேன்."

"அதுல யாரைச் சுடணும்?"

"யாரையும் சுடக்கூடாதுமா. பெட்டிய எடுத்து இன்னொரு பெட்டி மேல வைக்கணும்."

"ஜெயிச்சா?"

"வேலை இருக்கும்."

அதுவரை சிரித்துக்கொண்டே கேட்ட ஷர்மினி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பாட்டரியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வேலையைக் கவனித்தாள்.

பாசிர் கூடாங் துறைமுகத்தில் பாயு ஜெயா என்ற கண்டெய்னர் யார்டில் பன்னிரண்டு கிரேன்கள். ஒவ்வொன்றும் ஆறு மாடி உயரம். அதில் ஏழாம் நம்பரை இருபத்திரண்டு வருடமாக ஓட்டியவர் காளியப்பன். ஒரு தடவை, பெட்டியை லாரியோடு பிணைத்திருந்த பூட்டு விடாமல், லாரியும் சேர்ந்து மேலே வந்துவிட்டது. உள்ளே டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். காளியப்பன் அவர் தூக்கம் கலையாமல் லாரியைப் பக்கத்து வரிசையில் இறக்கி வைத்தார். விழித்த டிரைவர், வரிசை நகர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுச் சாப்பிடப் போனார். யார்டில் இதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பெட்டியை இறக்கும்போது கடைசி ஒரு சாண் உயரத்தில் நிறுத்துவார். ஒரு மூச்சு இழுத்து விடுவார். அதன் பிறகுதான் வைப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு பெட்டியை டொம்மென்று போட்டதில், உள்ளே பீங்கான் தட்டுகள் உடைந்த சத்தம் கால்மணி நேரம் கேட்டதாம். அன்றிலிருந்து இந்த மூச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் கிரேன் குனிந்து கும்பிட்டுவிட்டு வைக்கிற மாதிரி இருக்கும். ஒன்பதாம் நம்பர் ஓட்டுகிற குணாளன்தான் அதற்கு 'ஏழாம் நம்பர் கும்பிடு' என்று பேர் வைத்தான். ஒரு பெட்டிக்கு மூன்று விநாடி வீணாகிறது என்று ஆபீஸ் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. காளியப்பன் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார், மூச்சை நிறுத்தவில்லை.

இந்த வருடம் யார்டு இரண்டு மாதத்துக்கு மூடப்பட்டது. கிரேன்களில் கேமரா பொருத்துகிறார்களாம். இனி யாரும் மேலே ஏற வேண்டாம், ஏர்கோன் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஓட்டலாம் என்றார் மானேஜர் கமலநாதன். ஆனால் சோதனையில் தேற வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி புரோகிராம். சாதாரண லேப்டாப்பில் அது ஓடாது, விளையாட்டுப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரிதான் வேண்டும். கையசைவு எல்லாம் பதிவாகும், அதனால் லேப்டாப்புக்குள் சேமிக்கிற இடமும் நிறைய வேண்டும்.

"அண்ணே, நீங்க எவ்வளவு ஓட்டுறீங்களோ அவ்வளவு நல்லது," என்றார் கமலநாதன்.

ஒரு மாணவனிடம் பழைய லேப்டாப்பை வாங்கினார் காளியப்பன். நான்கே நாளில் அது வயிறு நிரம்பி, இடமில்லை என்று சொல்லிவிட்டது. அதனால்தான் ஸ்கூடாய்.

ஷர்மினி பதிவுகளைச் சேமிக்கிற புது எஸ்எஸ்டி டிரைவை உறையிலிருந்து எடுத்தாள். சூயிங்கம் பட்டை அளவுதான் இருந்தது. இதற்கா புஷ்பவள்ளி கெரெப்பே ஃபேக்டரியில் ஒரு மாதம் ஓவர்டைம் பார்த்து மரவள்ளி வறுவலைப் பொட்டலம் கட்டினாள் என்று காளியப்பன் குனிந்து பார்த்தார். லேப்டாப்புக்குள் பழைய டிரைவுக்குப் பக்கத்தில் அதே அளவில் ஒரு காலி இடம் இருந்தது. ஷர்மினி பட்டையைச் சாய்வாகச் செருகி, மறுமுனையை விரலால் கீழே அழுத்தப் போனாள்.

"கொஞ்சம் நில்லுமா."

"என்ன அங்கிள்?"

"தொடுறதுக்கு முன்னாடி நிறுத்து. ஒரு மூச்சு விட்டுட்டு வை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, எதற்கு வம்பு என்று, நிறுத்தினாள். மூச்சு விட்டாள். பட்டை சத்தமில்லாமல் படிந்தது. எள் அளவு ஸ்க்ரூ ஒன்றை அதன் முனையில் முடுக்கினாள்.

மூடியைப் போட்டு ஆன் செய்தபோது புது டிரைவைத் திரையில் காணோம். காளியப்பனின் முகம் போன போக்கைப் பார்த்து ஷர்மினி, பிறந்த பிள்ளையை இன்னும் பதியவில்லை, அவ்வளவுதான் என்றாள். நாலு இடத்தில் தட்டினாள். டிரைவுக்கு ஒரு பேர் கேட்டது.

"என்ன பேர் போட?"

"ஏழு."

மறுநாளிலிருந்து, தாமான் குடியிருப்பில் இருந்த வீட்டு ஹாலில், தினமும் காலை ஏழு மணிக்குக் காளியப்பன் குளித்து, பூட்ஸ் போட்டு, டிராகனைத் திறந்து உட்கார்ந்தார். திரையில் கடல் வெளிறிக் கிடந்தது. பெட்டிகள் நீலமும் சிவப்புமாக, யாரும் இல்லாத ஒரு யார்டில், எடுப்பதற்காகக் காத்திருந்தன. இரண்டாவது வாரத்தில் ஹாலுக்குள் உப்புக்காற்று வர ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் புரோகிராமில் மழை பெய்தபோது புஷ்பவள்ளி ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணியை எடுத்தாள். வெளியே நல்ல வெயில். எடுத்த துணி பாதி ஈரமாகத்தான் இருந்தது என்று அவள் பிறகும் சொல்வாள்.

தே ஓ என்கிற பாலில்லாத டீயைக் கொண்டுவரும் புஷ்பவள்ளி சமையலறை வாசலிலேயே நிற்பாள்.

"வரலாமாங்க?"

"பெட்டி தொங்குது. கொஞ்சம் நில்லு."

அவள் நிற்பாள். அவர் ஒரு சாண் உயரத்தில் நிறுத்துவார். மூச்சு இழுப்பார். அவளும் சேர்ந்து இழுப்பாள். பெட்டி உட்கார்ந்ததும் ஹாலைக் கடந்து வந்து டம்ளரை வைப்பாள், அவளும் சத்தம் வராமல். அந்த வீட்டில் கதவுகூட அந்த நாட்களில் மெதுவாகத்தான் மூடியது. சாப்பிடும்போது காளியப்பனின் கை சோற்றுக்கு மேல் ஒரு விநாடி நின்று இறங்கியது. சில மத்தியானங்களில் நாற்காலியிலேயே கண்ணயர்வார். கைகள் மட்டும் இரண்டு பெட்டி வைத்துவிட்டுத்தான் தூங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குணாளன் வருவான். அவனுக்கும் வீட்டில் ஒரு லேப்டாப் உண்டு. பயிற்சியைத் தொடங்கிவிட்டுச் சோபாவில் படுத்துவிடுவதாகச் சொன்னான்.

"மச்சான், இவ்வளவு ஓட்டி என்னா பண்ணப்போற? சிங்கப்பூரையே தூக்கி இந்தப் பக்கம் வைக்கப்போறியா?"

"கேட்டா வைக்கலாம்," என்றார் காளியப்பன். "கடலு ஆழம் குறைவுதான்."

ஏழாம் வாரம் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. பதிவுகள் பெரிதாக இருப்பதால் அனுப்ப முடியாது, நேரில் கொண்டுவர வேண்டும். காளியப்பன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மோட்டார்சைக்கிள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். கண்ணாடி போட்ட ஓர் ஆள் அடிமூடியைத் திறந்து, எஸ்எஸ்டியைக் கழற்றி, அதன்மேல் அவர் பேரையும் கிரேன் நம்பரையும் ஒட்டி ஒரு டப்பாவில் போட்டார். காலி இடத்தில் அந்த எள் அளவு ஸ்க்ரூவை மறக்காமல் திருப்பி முடுக்கினார். பொறுப்பான ஆள் என்று காளியப்பன் நினைத்துக்கொண்டார். பன்னிரண்டு பேரிலும் அதிக நேரம் ஓட்டியது நீங்கள்தான் என்று கமலநாதன் கையைக் குலுக்கினார். அந்தக் கையை அன்று முழுவதும் காளியப்பன் கால்சட்டைப் பையில் விடவில்லை.

கடிதம் அடுத்த மாதம் வந்தது. பன்னிரண்டு பேரும் தேறிவிட்டார்கள். ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருந்தது. தற்சமயம் ஆட்கள் தேவைப்படவில்லை, தேவைப்படும்போது அழைக்கப்படுவார்கள் என்றும் இருந்தது. புஷ்பவள்ளி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"தேறிட்டீங்கதானே?"

"தேறிட்டேன்."

அவள் ஹாலைக் கடக்கும்போது பழக்கத்தில் ஒரு விநாடி நின்றுவிட்டுப் போனாள்.

லாக்கரைக் காலி செய்து கொடுக்கக் காளியப்பனும் குணாளனும் சேர்ந்தே போனார்கள். மாலை ஐந்து மணி இருக்கும். காட்டுத்தீப் புகைமூட்டம் யார்டின் மேல் பால் மாதிரி தொங்கியது. குணாளன் ஒரு பிளாஸ்டிக் பையில் தன் பூட்சையும் ஒரு சாமி படத்தையும் போட்டுக்கொண்டான். காளியப்பனுக்கு லாக்கரில் ஒரு டம்ளரும் சீப்பும்தான். வெள்ளைத் துண்டு ஒன்று ஏழாம் நம்பர் கிரேனின் உச்சியில், அவர் உட்கார்ந்து ஓட்டிய கூண்டில், நாற்காலி முதுகில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னார். காவலுக்கு ஜாகா வேலை பார்த்த நேபாள ஆள் மஞ்சள் கோட்டைக் காட்டி, அதற்கு அப்பால் மனிதர்கள் போகக்கூடாது என்று மலாய் மொழியில் வருத்தத்தோடு சொன்னார். துண்டை யாராவது இறக்கித் தர முடியுமா என்று கேட்டதற்கு, மேலே ஏறுகிறவர்கள் யாரும் இல்லை, திரை அறையிலும் ஆள் இல்லை, எல்லாம் தானாகவே ஓடுகிறது என்றார்.

இரண்டு பேரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

யார்டு ஓடிக்கொண்டிருந்தது. கூச்சல் இல்லை, விசில் இல்லை, வாக்கிடாக்கி இரைச்சல் இல்லை. ஒன்றாம் நம்பர் ஒரு பச்சைப் பெட்டியைத் தூக்கி வந்து இறக்கியது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு வைத்தது.

குணாளனின் கையிலிருந்த பை சரசரத்தது. "மச்சான்," என்றான். "உன் கும்பிடு."

இரண்டாம் நம்பர் நின்று, வைத்தது. நான்காம் நம்பரும் நின்று, வைத்தது. குணாளனின் ஒன்பதாம் நம்பர், பதினைந்து வருடம் டொம்மென்று போட்டுப் பழகியது, அதுவும் குனிந்தது. புகைக்குள் தூரத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் உருவம் தெரியாமல் மெல்லக் கும்பிட்டு நிமிர்ந்தன.

ஏழாம் நம்பர் கோட்டுக்கு நேர் எதிரே வந்தது. கூண்டின் கண்ணாடி வழியே மாலை வெளிச்சம் புகுந்து உள்ளே எல்லாம் தெரிந்தது. காலி நாற்காலி. அதன் முதுகில் துண்டு. பெட்டி இறங்கி இறங்கி ஒரு சாண் உயரத்தில் நின்றது. நின்ற வேகத்தில் துண்டு ஒரு தடவை முன்னால் சாய்ந்தது. காளியப்பனின் நெஞ்சு தானாக மூச்சை இழுத்தது.

அவர் விட்டபோது, பெட்டி சத்தமில்லாமல் உட்கார்ந்தது.