பிளாக் சீனியர், டேட்டாபேஸ் ஜூனியர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிழைச்செய்தியிலிருந்து கிடைத்தது. ‘டேட்டாபேஸைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று வெள்ளைத் திரையில் ஒற்றை வரி. இதில் என்ன கதை என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பொறுக்க முடியாதவர்கள் கிளம்பலாம். நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அதிகாலைப் பனியினூடே அவள் அலுவலகத்தை நோக்கி...’

சே. பனியாம்! அவள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருபவள்.

சரி, இப்படி: குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஒரு கம்பெனியின் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பயிற்சிக் காலம் இன்றோடு முடிகிறது. மாலை டைரக்டர் கம்பெனியின் புதிய பிளாகை, அதாவது வலைப்பதிவை, திறந்து பார்ப்பார். அது திறந்தால் அவள் வேலை நிரந்தரம். திறக்காவிட்டால் வீட்டுக்கு.

2

(அந்த பிளாக் ஓடுவது கன்டெய்னரில். கன்டெய்னர் தெரியாதவர்களுக்கு: ஒரே கணினிக்குள் ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி அறையில் அடைத்து ஓட்டுவது. பிளாக் ஓர் அறை. எழுதியதெல்லாம் கிடக்கும் டேட்டாபேஸ் இன்னோர் அறை. நடுவே ஓர் இணைப்பு. டேட்டாபேஸ் முதலில் எழ வேண்டும். பிளாக் முந்திக்கொண்டால், மறுமுனையில் ஆளில்லாமல் பொத்தென்று விழுந்துவிடும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.)

3

“டைரக்டர் கண்ணுல எதும்மா படும்? பிளாக்தானே? அப்போ அதான் சீனியர். அதை முதல்ல ஆன் பண்ணு” என்றார் மேனேஜர்.

“சார், டேட்டாபேஸ் இல்லாம அது நிக்காது.”

“பின்னாடி கிடக்கிறதுக்கு முதல் மரியாதையா? இந்த ஆபீஸ்ல அப்படி வழக்கமே இல்ல.”

வழக்கமில்லைதான். அங்கே லிஃப்டில்கூடப் பதவி வரிசைப்படிதான் ஏறுவார்கள். பயிற்சியாளர்களுக்கு மாடிப்படி.

பிளாகை எழுப்பினாள். விழுந்தது. மறுபடி எழுப்பினாள். மறுபடி விழுந்தது.

மேனேஜர் இறங்கி வந்தார். “ரெண்டையும் ஒண்ணா ஆன் பண்ணுவோம். யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்.”

பிளாகை ஆன் பண்ண, வரவேற்பில் இருக்கும் அக்காவை இரண்டாவது கீபோர்டில் உட்கார வைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று!

“அக்கா, முன்னாடியே அமுக்கிட்டீங்க!”

“போடி, என் விரலுக்கு சீனியாரிட்டி எல்லாம் தெரியுமா?”

பிளாக் விழுந்தது.

“டேட்டாபேஸ்கிட்ட எழுத்துல விளக்கம் வாங்கு” என்றார் மேனேஜர்.

“அதுக்குக் கை கிடையாது சார்.”

“அது சார்பா நீ எழுது.”

எழுதினாள்: ‘ஐயா, நான் எழாமல் அவரால் நிற்க முடியாது. இதுவே என் விளக்கம்.’

மேனேஜர் நிதானமாகப் படித்தார். “விளக்கம் ஓகே. டோன் சரியில்ல.”

4

(இந்த மேனேஜர் ரொம்ப மிகை என்றாள் என் தோழி. அவள் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறாள்.)

5

முடிவு அ: யாரும் பார்க்காத நேரத்தில் டேட்டாபேஸை முதலில் எழுப்புகிறாள். பிளாக் திறக்கிறது. வேலை நிரந்தரம். “பாத்தியா, சீனியாரிட்டி!” என்று மேனேஜர் தன் விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறார். அடுத்து வரும் பெண்ணும் திருட்டுத்தனமாகவே சரியாக வேலை செய்ய வேண்டும்.

முடிவு ஆ: சொன்னதைச் சொன்னபடி செய்கிறாள். டைரக்டர் கண்ணெதிரில் பிளாக் விழுகிறது. மேனேஜரின் மானம் கப்பலேறுகிறது. அவள் வேலையும் போகிறது. தலை நிமிர்ந்து அவள் வெளியே...

இந்த இடத்தில் கதைக்குள்ளிருந்து அவளே என்னை நிறுத்தினாள்.

“உன் வேலை நிரந்தரமா?”

“ஆமா.”

“அதானே. சம்பளம் உனக்கு, வீரம் எனக்கா? நிமிர்ந்த தலையோட வீட்டுக்குப் போறேன். எங்கம்மா கதவைத் திறப்பாங்க. நீ வந்து சொல்றியா, என்ன ஆச்சுன்னு?”

6

இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன்.

டைரக்டர் வந்துவிட்டார். மேனேஜர் கைக்குட்டையால் அவருக்கு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். திரையை யாரும் பார்க்கவில்லை. அவள் கை கீபோர்டின் மேல்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எதை முதலில் எழுப்பலாம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் சொன்னவுடன் செய்துவிடுவாள் என்று நினைக்காதீர்கள். உங்கள் வேலை நிரந்தரமா என்று கேட்டுவிட்டுத்தான் காது கொடுப்பாள்.