மூன்று விரல் சாய்வு

ஐம்பது வருடத்துப் பழைய பஸ் ஒன்றை வாங்கி அக்கா தன் வீட்டுக்குக் கீழே இருந்த ஷெட்டில் நிறுத்தியபோது, "மூளை கீளை கழண்டுபோச்சா உனக்கு?" என்று கேட்டவன் நான்தான். உருண்டை மூக்கு, வட்ட விளக்கு, கூரை முழுக்கத் துரு. இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள் அவள். மற்றவர்களாக இருந்தால் அதற்குப் பிறகு பஸ் இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். இவள் பஸ்ஸுக்குள்ளேயே கட்டில் போடப் போகிறாளாம்.

எல்லாம் அத்தானுக்காக. அத்தான் கொத்தனார். இரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறிய அன்று, "இனிமே எவனும் என்னை மூட்டை மாதிரி தூக்கக் கூடாது" என்று சொன்னவர், அதோடு சரி. படி இறங்கவே இல்லை. நானும் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"வெளிய போக ஒரு ஆசை வந்துட்டா இறங்கிடுவாருடா" என்றாள் அக்கா. அந்த ஆசையைத்தான் அவள் பஸ்ஸாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் தச்சன். வாய் பேசிய பாவத்துக்கு மரவேலை முழுக்க என் தலையில் விழுந்தது. ஆனால் அவள் உழைத்த உழைப்பு இருக்கிறதே, அதை நான் எந்த ஆம்பளையிடமும் பார்த்ததில்லை. துருவைச் சுரண்டினாள், இன்ஜினைப் பிரித்து மாட்டினாள், வளைந்த கண்ணாடிகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்தாள். எனக்கு அளவு சொல்லும்போதெல்லாம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். குழாய், அலமாரிக் கைப்பிடி, முகக்கண்ணாடி எல்லாம் உட்கார்ந்த கைக்கு எட்டவேண்டும். "நின்னு பாக்கறவன் குனிஞ்சுக்கட்டும்" என்பாள்.

நான்கு மாதத்தில் உள்ளே ஒரு அரண்மனை எழுந்தது. தேக்கு அலமாரி, பித்தளைக் குழாய், குளியலறை, அகலமான கட்டில், சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகை. ஒவ்வொரு பலகைக்கும் மட்டம் பார்க்க அத்தானின் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நின்ற பிறகே திருகு முடுக்கினேன். விழுந்த பிறகு அவர் என்னிடம் கொடுத்த ரசமட்டம் அது. வேறொன்றை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஜன்னல் கோட்டோடு அலமாரி சேராத இடத்தில் மட்டும், கிழட்டு வண்டி, உடம்பு கோணல் என்று திட்டிவிட்டுச் சட்டம் அடித்து மறைத்தேன்.

கடைசியாக வந்தவை பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள். இடதுபக்கத்தில் ஒன்று உடைந்திருந்ததாம். மாட்டி இறக்கியதும் பஸ் இடதுபக்கம் மூன்று விரல் எழும்பி நேராக நின்றது. உள்ளே டிராயர்கள் ஒவ்வொன்றாகத் தாமாகத் திறந்தன. மேசையிலிருந்த என் டம்ளர் நகர்ந்து கீழே விழுந்தது. கோணல் வண்டியில் இல்லை, என்னிடம் இருந்தது. சாய்ந்து நின்ற வண்டிக்குள் நான் பூமிக்கு மட்டம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா திட்டவில்லை. வெகுநேரம் டிராயர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீயே போய் உங்க அத்தான்கிட்ட சொல்லு" என்றாள்.

சொன்னேன். அத்தான் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்.

"வண்டி நேரா நிக்குதான்னு முதல்ல பாத்தியா?"

"இல்ல அத்தான்."

"ஏன்டா மச்சான், ஆடுற படகுல ரசமட்டம் வெப்பியா? வண்டியோட தரையிலேர்ந்துல்ல அளக்கணும்." சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வரும்வரை சிரித்தார். இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. பிறகு முகம் மாறியது. "எத்தனை விரல்?"

"மூணு மாதிரி இருக்கும்."

"மாதிரியாவது கீதிரியாவது. என் ரசமட்டத்துக்கே கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டியேடா. நாற்காலிய எடு."

"எதுக்கு?"

"கண்ணால பாக்காம எப்படிச் சரிபண்றது? கீழ ஷெட்டுல வேலை பாக்கற வெல்டரையும் கூப்பிடு. தூக்குங்கடா."

தூக்கினோம். படி நெடுக அவர் எங்களை ஏசிக்கொண்டே வந்தார். கீழே நின்ற அக்கா கையிலிருந்த கிரீஸ் துணியைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்குள் போனதும் அத்தான் கோணலைப் பார்க்கவில்லை. கை நீட்டினார், குழாய் எட்டியது. யார் உதவியும் இல்லாமல் முகம் கழுவினார். நிமிர்ந்தால் நேர் எதிரே கண்ணாடி. ஜன்னலுக்கு வெளியே தெரு, அவர் கண் மட்டத்தில். அதற்குப் பிறகுதான் ரசமட்டத்தைக் கேட்டார். எந்த அலமாரிக்கு எத்தனை ஆப்பு என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தவர், பொழுது சாயும்வரை என்னை வறுத்தெடுத்தார்.

"மேல போலாமாங்க?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"மேல எனக்கு என்ன வேலை? தலகாணிய எடுத்துட்டு வா."

"கட்டில இன்னும் சரிபண்ணலைங்க. சாஞ்சிருக்கு, உருண்டுருவீங்க."

"உருண்டா அந்தப் பக்கம் நீ இருக்கல்ல."

அக்கா தலையணை எடுக்கப் போனாள். அறுபது வயதில், மூன்று மாடியையும் ஓடி ஏறினாள்.