ஸ்டெபானி என்ற ஆமை

ஒரு கடலாமைக்குத் தன் மகள் ஸ்டெபானியின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று தெரேசம்மா தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கஹவத்தையிலிருந்து கடலுக்கு மூன்று பஸ் மாற வேண்டும். அவள் போனதில்லை. ஆனாலும் விடியலில் ரப்பர் பால் வெட்டப் போகுமுன் மருமகனிடம் கேட்காமல் போகமாட்டாள்.

"தம்பி, பாப்பாவ யாரும் கண்டாங்களாமா?"

"இல்லைங்க மாமி."

பக்கத்துக் காம்பரா மருதாயி விடமாட்டாள். "அது என்ன, காலையில பிரட்டுக்களத்துக்கு வந்து வேலைக்குப் பேரு குடுக்குமாக்கும். நம்ம ஆளுகளே ஒழுங்கா வர்றதில்ல."

தெரேசம்மாவும் சிரித்துவிடுவாள். மகள் இறந்துபோன ஆறு மாதத்தில் அவள் சிரித்தது அந்தப் பேச்சுக்கு மட்டும்தான்.

மருமகன் சுதர்சன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமான மூன்றாம் மாதம் அவனும் ஸ்டெபானியும் மாத்தறைப் பக்கம் கடலுக்குப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் ஓர் ஆமையைப் படம் பிடித்தாள். மழைக்காலத்தில் அவளுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஐந்து நாள்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபின், ஆமைகளை அடையாளம் பார்த்துப் பதிகிற குழு ஒன்றுக்கு அந்தப் படத்தை அனுப்பினான். ஆமையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள செதில்கள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. பழைய படம் எதனோடும் ஒத்துப்போகாவிட்டால் புது ஆமை. படம் கொடுத்தவர் பெயர் வைக்கலாம். ஒத்துப்போகவில்லை. அவன் வைத்தான்.

சனிக்கிழமை, குழுவில் பதிவு பார்க்கும் றிஸ்மி போன் கோல் எடுத்தான்.

"சேர், ஒங்கட ஆமைக்கு வலப்பக்கப் படம் மட்டுந்தான் ஈக்கி. ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி வாறல்ல. எங்கள்ட்ட ஏழெட்டுப் பழைய ஆமைக்கு இடப்பக்கம் மட்டுந்தான் ஈக்கி. ஒங்கடது அதுல ஒண்டாவும் ஈக்கலாம். ஒங்கள்ட்ட வேற படம் ஈக்கா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"இல்லாட்டி வுடுங்க சேர். இப்பிடியே ஈக்கட்டும்."

இருந்தது. இரண்டு நிமிட வீடியோ. அவள் குரல் கேட்கும் என்று அவன் திறக்காமலே வைத்திருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுத் திறந்தான்.

ஆமை பாசியைக் கடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெபானியின் விரல் படத்தின் ஓரத்தை மறைத்து மறைத்து விலகியது. பிறகு ஆமை திரும்பியது. நிறுத்தினான். நெற்றியில் ஒரே சோடிச் செதில். அழுங்காமைக்கு இரண்டு சோடி. இது பச்சை ஆமைதான். இடக்கண்ணுக்குப் பின்னால் நாலு செதில். மூன்றாவதன் கீழே அரிசி போல ஒரு துண்டு.

குழுவின் பக்கத்தில் இடப்பக்கம் மட்டும் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆறாவது, மெனிக்கே. நாலு வருடத்துக்கு முன் யாரோ வைத்த பெயர். நாலு செதில். மூன்றாவதன் கீழே அரிசி. மூன்று தரம் எண்ணினான்.

வேறு படம் இல்லை என்று சொன்னால் போதும். மாமி நாளைக்கும் கேட்பாள். மருதாயி ஏதாவது சொல்வாள். யாருக்கும் நட்டமில்லை. கடலில் ஓர் ஆமை கூடுதலாக இருப்பதாக எழுதியிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் அவனுக்கு இடறியது. இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதி வைப்பது. மாதக்கணக்காக வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அனுப்பினான். பின்னேரம் றிஸ்மியின் பதில் வந்தது. "மெனிக்கேதான் சேர். ஒங்கட பதிவ அதோட சேத்துட்டன். பேர எடுக்க வேண்டி வந்திச்சி. கொற நெனக்காதீங்க."

தெரேசம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி, அந்த ஆமைக்கு முன்னாடியே வேற பேரு இருந்திருக்கு. பாப்பா பேர எடுத்துட்டாங்க."

"யாரு பாத்துச் சொன்னா?"

"நான்தான்."

கை நின்றது. "ஒங்களுக்கு எதுக்கு தம்பி அந்த வேல?"

கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. அவள் புரட்டவில்லை.

"லயம் பூரா நான் சொல்லித் திரிஞ்சேன். இல்லைன்னு நீங்க போய்ச் சொல்லுங்க. என்னால ஏலாது."

சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினான். ஸ்டெபானி போன அன்று வீடு வீடாக இழவு சொல்ல வேறு ஆட்கள் போனார்கள். அவன் இரத்தினபுரியில் ஆஸ்பத்திரிக் கடதாசிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் கதவு மருதாயியுடையது. சொன்னான். அவள் கேலி ஒன்றும் பேசவில்லை. கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்துகொண்டாள்.

"தெரேசக்காகிட்ட நான் போய் இருக்கேன். நீங்க மத்த வீட்டுக்குச் சொல்லிட்டு வாங்க மாஸ்டர்."

அவன் அடுத்த கதவைத் தட்டினான்.