கிளிசரின் போடாத தட்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதிலும் என் சமையலைக் குறை சொன்னால் கேட்கவே வேண்டாம். சமையல் என்றால் வீட்டுச் சமையல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் காசநோய்க் கிருமிகளுக்குத் தீனி காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி வைப்பவள் நான். இருபத்திரண்டு வருஷமாக என் கையால் தின்று கொழுக்காத கிருமி அங்கே கிடையாது.

என் நாத்தனாருக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. கம்ப்யூட்டரே கதி. கிருமி தின்பது அதன் உடம்பில் எது எதுவாக மாறுகிறது என்று ஆயிரம் கோடு இழுத்து ஒரு படம் போட்டிருந்தாள். அதனால் எல்லோருக்கும் அவள் 'சிலந்தி'. நாற்பத்தொன்றாம் எண் மருந்தைக் கொடுத்தால் ஒரு வழி அடைபட்டுக் கிருமி செத்துவிடும் என்றது அந்தப் படம். அந்த மருந்தைப் போட்ட என் தட்டிலோ கிருமி இரண்டு தடவையும் ஜம்மென்று வளர்ந்தது. மூன்றாவது தடவையும் வளர்ந்தால் அவள் பிரிவையே மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மடிக்கணினியும் கையுமாக நேரே என் அறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, இதுல என்னென்ன போடுறீங்க?"

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கிளிசரின் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"அது இல்லாட்டி சவலையா வளரும். சும்மாவா போடுறோம்?"

"ஐயோ அண்ணி! நோயாளி நெஞ்சுக்குள்ள கிருமிக்கு யாரு கிளிசரின் ஊட்டுறா? அங்க கொழுப்பத் தின்னுதான் பொழைக்குது. நான் முன்வாசல அடைக்கிறேன், நீங்க பின்வாசல்ல தீனி வைக்கிறீங்க!"

"நேத்து வந்தவ நீ, எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன்.

அவள் படத்தைத் திறந்து காட்டினாள். கிளிசரினிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பி, சுற்றிச் சுற்றி, மருந்து அடைத்த இடத்துக்கு அப்பால் போய்ச் சேர்ந்தது. ஆயிரம் கோட்டில் அந்த ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாளே! அடேயப்பா, என்ன மூளை! வாய்விட்டுச் சொல்லவில்லை. கிளிசரின் புட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கொழுப்பைக் கரைக்க உட்கார்ந்தேன்.

ஐந்து வாரம் காத்திருந்தோம். மருந்து போடாத தட்டில் கிருமி மெதுவாக வளர்ந்திருந்தது. மருந்து போட்ட தட்டு துடைத்து வைத்தது போல இருந்தது. சிலந்தி அழுதாள். நானும்தான்.

அடுத்த நாள் நான் அவள் மேசைக்குப் போனபோது, என்னைக் கண்டதும் சட்டென்று திரையை மூடினாள். திறக்கச் சொன்னேன். என் பழைய பதிவேடு. 'பயனில்லை' என்று நானே எழுதி ஒதுக்கிய மருந்துகளில் சிலவற்றுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள்.

"இதெல்லாம் என் தீனியாலதான் தோத்துச்சா?"

"இருக்கலாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணி."

"எத்தன?"

"பதினாறு."

அதில் ஒன்றாவது அன்றைக்கே தேறியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ. அவள் மேல் கோபம் துளியும் வரவில்லை.

"மருந்துக்கு ரெண்டுன்னு முப்பத்திரண்டு தட்டு ஊத்தணும்," என்றேன். "எந்திரி. வந்து கொழுப்பக் கரை."