தராவிட்டால் இதைப் போடு

1
சத்தியமாக, எக்ஸ்எஸ்எல்டி என்ற கணினி மொழியைப் பற்றிக் கதை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. வெள்ளவத்தைக் கொம்பனியில் பக்கத்து மேசை டோரின், தான் எழுதிய நிரலில் ஒரு வரியைக் காட்டி அழுதாள். அந்த வரி என்னை விட்டபாடில்லை.

2
தொடக்கம்: 2007இல், தமிழரை வெள்ளை வானில் கடத்திய காலத்தில், கொழும்பு நகரம் அச்சத்தில் உறைந்து— (சீ, பேப்பர்க்காரன் மாதிரி இருக்கிறது.)

மறுபடி: டோரினின் கணவன் யேசுரட்ணம் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினான். திரும்பவில்லை. பொலிஸிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. வீட்டில் கதைக்க ஆளில்லாததால், வேலை முடிந்தும் அவள் மேசையை விட்டு எழும்புவதில்லை.

3
கொட்டாஞ்சேனையில் அவளுடைய கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு வாசிக்கும் பூசைத் தாளுக்கு, விபரங்களை ஒழுங்காக அச்சாக்கும் ஸ்டைல்ஷீட் நிரலை அவள்தான் எழுதிக் கொடுத்தவள். யாருக்காகப் பூசை என்பது கட்டாயம். எதற்காக என்பது விரும்பினால் தரலாம்: சுகம் வேண்டி, நன்றியாக, இப்படி. தராவிட்டால்? இடம் வெறுமையாகக் கிடந்தால் வடிவில்லையே. அநேகமாகச் செத்தவர்களுக்குத்தானே பூசை கேட்கிறார்கள் என்று, 'ஒதர்வைஸ்', அதாவது 'இல்லாவிட்டால்', என்ற இடத்தில் அவளே போட்டாள்: ஆன்ம இளைப்பாற்றிக்காக.

[இதை டிஃபோல்ட் என்பார்கள். நல்ல பழக்கமாம். நாசமாய்ப் போக!]

4
புருஷனுக்குப் பூசை கேட்டபோது பெயரை மட்டும் கொடுத்தாள். 'திரும்பி வர' என்று போடப் பயம். தாள் யார் கையில் போகுமோ. வேறு எதையும் போட மனம் வரவில்லை.

ஞாயிறு பூசையில் சுவாமி வாசித்தார்: "யேசுரட்ணம், ஆன்ம இளைப்பாற்றிக்காக." சனம் மன்றாடியது. பழக்கதோஷத்தில் டோரினின் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது.

வெளியே பக்கத்து வீட்டு மேபல் அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"ஐயோ பிள்ளை, எப்ப அறிஞ்சனீ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"இல்லை அக்கா, அது நான் போட்டதில்லை... ஓம், நான்தான் போட்டது. அவருக்கெண்டு போடேல்லை."

மேபலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

5
முடிவு அ: கதவு தட்டப்படுகிறது, திறந்தால்— (டோரினுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கணினிப் பக்கம் திரும்பிவிட்டாள். கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: களனி ஆற்றில் ஒரு உடல்— (இதை எழுத நான் ஆர்?)

நடந்தது இவ்வளவுதான். அந்த வரியை அவள் அழித்தாள். தராவிட்டால் இனி ஒன்றும் அச்சாகாது. அடுத்த ஞாயிறு தாளில் யேசுரட்ணம் என்ற பெயர் தனியே நின்றது.

"இப்ப நாங்கள் என்னத்துக்கெண்டு மன்றாடுறது, பிள்ளை?" என்று மேபல் கேட்டாள்.

தாள் இப்போது உங்கள் கையில். பெயரை வாசித்துவிட்டீர்கள். ஏதாவது சொல்லுங்கள், எல்லாரும் முழந்தாளில் இருக்கிறார்கள்.