நீல நூல் மூட்டைகள்

நபீஸா அன்று அல்லாஹ்விடம் கேட்டது அழகான துஆ ஒன்றும் அல்ல. “றப்பே, எங்கட அரிசியத் திண்டவன்ட இடுப்ப முறி” என்று வாய்விட்டே கேட்டாள். நோன்பு வாயோடு இப்படிக் கேட்கலாமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் விசாரித்திருந்தால் கூடாது என்றிருப்பார். அதனால்தான் அவள் விசாரிக்கவில்லை.

அவள் கோபத்தில் குற்றமில்லை. சண்டைக்குப் புருஷனைப் பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளோடு தோப்பூரிலிருந்து கிண்ணியாவுக்கு ஓடிவந்தவள். அகதிகளுக்கு நிவாரண அரிசி பங்கிடும் பொறுப்பு அபூதாஹிரிடம் இருந்தது. எப்போது கேட்டாலும், “லொறி ஓடத்துறைக்கு அங்கால நிக்குது. நான் என்ன செய்ய?” என்று கையை விரிப்பான். அவன் வீட்டு முற்றம் கூட்டப் போன நபீஸாவோ, குசினிக்குள் அடுப்போரமாக நீல நூலால் வாய் தைத்த மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்ததைக் கண்ணால் கண்டவள். சொன்னால் யார் நம்புவார்கள்? தொழுகையில் அவன் எப்போதும் முதல் வரிசை.

பிள்ளைகளுக்குப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிதான் உயிர். அதற்கும் கேடு வந்தது. “அரிசி முடிஞ்சு புள்ள. நாளைக்குக் கஞ்சி இல்ல” என்றார் கஞ்சி காய்ச்சும் ஜமால்தீன் காக்கா, அவள் முகத்தைப் பார்க்காமலே. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டதுதான் அந்த துஆ.

மறுநாள் பள்ளி ஒலிபெருக்கி அலறியது. “அகதிச் சனமெல்லாம் பை கொண்டு வாங்க!”

ஓடிப்போய்ப் பார்த்தால், விறகுக் கொட்டில் நிறைய மூட்டைகள். நோன்பு மாதத்தில் பேர் சொல்லாமல் பள்ளியில் அரிசி வைத்துவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். யார் வைத்தது என்று துருவுவது மரியாதையில்லை.

“கஞ்சிக்குக் காணுமான அளவு எடுத்திட்டன். மிச்சம் உங்களுக்கு. ஆரோ நல்ல மனிசன்” என்று ஜமால்தீன் காக்கா கண் கலங்க அள்ளிப் போட்டார்.

நபீஸா மூட்டை வாயைப் பார்த்தாள். நீல நூல்! அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஓர் ஐயா அபூதாஹிர் வீட்டைச் சோதிக்க வந்திருக்கிறார் என்று காலையிலேயே ஊரில் கதை. அவர் போகும்வரை ஒளித்துவைக்க அவனுக்குப் பள்ளிக் கொட்டில்தான் கிடைத்திருக்கிறது. பாவி, நோன்பு மாத வழக்கத்தையே மறந்துவிட்டான். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

கடைசி மூட்டை காலியாகும் நேரம் அபூதாஹிர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான்.

“இந்த... இந்த அரிசி...”

“ஆர் வெச்சதெண்டு உங்களுக்குத் தெரியுமா?” என்று ஆவலோடு கேட்டார் ஜமால்தீன் காக்கா.

சனம் முழுவதும் அவனைப் பார்த்தது.

“தெரியா.”

“அப்ப துஆவுக்கு நில்லுங்க.” காக்கா கையேந்தினார். “யா அல்லாஹ், இந்த அரிசி வெச்சவருக்கு அவர்ட மனசுக்கேத்த கூலியக் குடு!”

“ஆமீன்!” என்றது சனம். அவனும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கையை உயர்த்தியவன் ‘ஆ’ என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணிப்போனான்.

“இடுப்புக்கு என்ன காக்கா?” என்று அபூதாஹிரையும் அண்ணன் முறை வைத்தே கேட்டாள் நபீஸா.

“சும்மா... புடிச்சிட்டுது புள்ள.”

ஒருவரையும் நம்பாமல் அத்தனை மூட்டைகளையும் தனியாளாய்ச் சுமந்தவன் அல்லவா! நபீஸா நிரம்பிய பையைத் தலையில் தூக்கி வைத்தாள், நெஞ்செல்லாம் சந்தோசம். வானத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

“முறிக்கச் சொல்லித்தான் கேட்டன், றப்பே. நீ புடிக்க மட்டும் வெச்சிருக்காய். என்ன இருந்தாலும் நீ என்னை விட நல்லவன்.”